பனியில் புதைந்த யானை – 6: பெயர் வந்தது முன்னே

சைபீரிய ஆறுகளின் கரையில் சென்ற வாரம் நின்றோம். உறைந்த மண் கோடையில் இளகிச் சரிய, வளைந்த பெருந்தந்தங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். அவற்றைப் பொறுக்கி விற்ற வடபுலத்து மக்கள், மண்ணுக்கடியில் நடமாடும் ஒரு மிருகத்தைப் பற்றிப் பேசினார்கள். நெனெட்ஸ் மக்கள் அதை ‘யா ஹோரா’ என்றார்கள்; மண்ணின் கடா என்று பொருள். ஹோரா என்பது அவர்களுடைய ஆண் கலைமான்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்போம். இந்த யானையின் கதையில் முன்னே வந்தது பெயர். மாமூத் என்ற விலங்கு எப்படி இருக்கும் என்று ஐரோப்பா தெரிந்துகொள்வதற்கு 100 ஆண்டுகளுக்கும் மேல் முன்பாகவே அந்தச் சொல் ஐரோப்பிய நூல்களில் ஏறிவிட்டது. அது எந்த வழியாக, யார் கையால் வந்தது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

குறிப்பேட்டில் உறங்கிய சொல்

1618. இங்கிலாந்து மன்னர் ஜேம்ஸ், ரஷ்ய ஜார் மிகயிலிடம் சர் டட்லி டிக்ஸ் தலைமையில் ஒரு தூதுக்குழுவை அனுப்புகிறார். குழுவோடு மதகுருவாகச் சென்றவர் ரிச்சர்ட் ஜேம்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த இளைஞர்.

தூதுப் பணி எண்ணியபடி நடக்கவில்லை. ஆனால் 1618-19 குளிர்காலத்தை ரிச்சர்ட் ஜேம்ஸ் வடக்கு ரஷ்யாவின் கோல்மோகோரி நகரில் கழிக்க நேர்ந்தது. வெண்கடலுக்கு அருகில், வடக்கு துவினா ஆற்றங்கரையில் இருந்த வணிக ஊர் அது. கடல் உறைந்த மாதங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. காதில் விழுந்த ரஷ்யச் சொற்களையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தார். மீன், படகு, உடை, அடுப்பு, காற்று, பனி என்று அன்றாட வாழ்க்கையின் சொற்கள். அவற்றுக்கு நடுவே ஒன்று: ‘மைமான்டோ’.

அதற்கு அவர் எழுதிய விளக்கத்தின் சாரம் இது. அது ஒரு கடல் யானையாம். யாரும் உயிரோடு பார்த்ததில்லை. அது நிலத்தடியில் தோண்டிக்கொண்டே போகும் என்று சமோயெத் மக்கள் சொல்கிறார்கள். பெச்சோராப் பகுதியிலும் நோவயா ஸெம்லியாவிலும் கிடைக்கும் அதன் பற்களையோ கொம்புகளையோ ரஷ்யர்கள் வாங்கி, பலகை விளையாட்டுக்கான காய்கள் செய்கிறார்கள்.

அந்த நாளில் நெனெட்ஸ் உள்ளிட்ட வடபுலத்தாரைத்தான் சமோயெத் என்றார்கள். ஆக, ஒரு சிறு குறிப்புக்குள் பெயர், நம்பிக்கை, சந்தை மூன்றும் அடங்கிவிட்டன. பொருளைக் கையில் வைத்து விளையாடுகிறார்கள். அதன் சொந்தக்காரனைக் கண்டவர் யாரும் இல்லை.

மேற்கு ஐரோப்பியர் ஒருவர் இந்தச் சொல்லைத் தம் கையால் எழுதியதில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று இது. ஆனால் பயன் இல்லாமல் போயிற்று. குறிப்பேடு ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்த அகராதி 1959இல்தான் லெனின்கிராட்டில் அச்சேறியது, 340 ஆண்டுகள் கழித்து!

‘மைமான்டோ’வில் உள்ள அந்த ‘ன்’ எழுத்தை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது நமக்கு வழிகாட்டப்போகிறது.

1692: இரண்டு நகரங்கள், இரண்டு பெயர்கள்

இனி ஆம்ஸ்டர்டாம். அந்நகரத்தின் மேயராகப் பல முறை இருந்தவர் நிகோலாஸ் விட்ஸன். இளமையில், 1664-65இல், டச்சுத் தூதுக்குழுவோடு மாஸ்கோ போய்வந்தார். அன்று பிடித்த ரஷ்யப் பித்து அவரை விடவே இல்லை. மாஸ்கோ அரசுப் பணியில் இருந்த டச்சு வம்சாவளியினரான ஆந்திரேய் வினியஸ் போன்றவர்களிடமிருந்து கடிதம் கடிதமாகத் தகவல் திரட்டினார். அந்த உழைப்பின் பலன் 1692இல் வந்த ‘வடக்கு, கிழக்கு டார்டரி’ என்ற பெருநூல்.

அந்த நூலில்தான் சைபீரிய ஆற்றங்கரைகளில் கிடைக்கும் தந்தங்களைப் பற்றிய செய்தி வருகிறது. அந்த விலங்கை நாட்டு மக்கள் ‘மம்மவுட்’ என்று அழைப்பதாக விட்ஸன் எழுதினார். மேற்கு ஐரோப்பாவில் இந்தச் சொல் முதலில் அச்சில் வந்தது இங்கேதான் என்று சொல்லலாம்.

அதே 1692இல் பாரிஸில் இன்னொரு நூல் வந்தது. எழுதியவர் ஃபிலிப் அவ்ரில் என்ற ஏசு சபைப் பாதிரியார். சீனாவுக்கு ரஷ்யா வழியாகத் தரைவழி தேடிப் புறப்பட்டவர். அனுமதி கிடைக்காமல் திரும்பினாலும், சைபீரியாவைப் பற்றிக் கேட்டதையெல்லாம் எழுதினார். வடக்கே லேனா ஆற்றின் கழிமுகப் பக்கம் தந்தம் தரும் ஒரு மிருகம் இருப்பதாக அவரும் எழுதினார். ஆனால் அவர் நூலில் அதன் பெயர் ‘பெஹெமோத்’.

பெஹெமோத் விவிலியத்தின் யோபு ஆகமத்தில் வரும் மாபெரும் மிருகம். விவிலியத்தில் ஊறிய ஒரு பாதிரியாரின் செவிக்கு, சைபீரியாவிலிருந்து வந்த புதிய ஒலி பழகிய ஒலியாக மாறியதில் வியப்பில்லை. தெரியாத சொல்லைக் கேட்டால், தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொள்வது மனிதக் காது.

ஒரே ஆண்டில் ஒரே விலங்குக்கு இரண்டு பெயர்கள். ஒன்று சைபீரிய மண்ணிலிருந்து வந்தது. மற்றொன்று வேதநூலிலிருந்து வந்தது. எது நிலைக்கும்? அன்றைய ஐரோப்பாவில் பந்தயம் கட்டியிருந்தால் பெரும்பாலோர் வேதநூலின் பக்கமே நின்றிருப்பார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1696இல், ஹைன்ரிஹ் வில்ஹெல்ம் லூடால்ஃப் என்ற ஜெர்மானியர் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு ரஷ்ய இலக்கண நூலை லத்தீனில் வெளியிட்டார். பேச்சு ரஷ்யனை விளக்கிய முதல் அச்சு இலக்கணம் அது. ரஷ்யாவின் இயற்கைப் பொருள்களைப் பற்றிய பின்னிணைப்பில் அவர் ‘மம்மோத்தவாய் கோஸ்ட்’ என்று குறித்தார். கோஸ்ட் என்றால் ரஷ்யனில் எலும்பு. மண்ணுக்கடியில் வாழும் மிருகம் என்ற பொதுமக்கள் நம்பிக்கையைச் சொல்லிவிட்டு, விவரம் தெரிந்தவர்கள் இதை யானைத் தந்தம் என்றே கருதுவதாகவும் அவர் சேர்த்துக்கொண்டார்.

துருஹான்ஸ்க் போய்ச் சேர்ந்த கால்

இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் சாட்சி இனித்தான் வருகிறார்.

எவர்ட் இஸ்பிராண்ட்ஸ் ஈடஸ் ஒரு வணிகர். பிறந்தது ஹோல்ஸ்டைன் பகுதியில், பிழைத்தது ரஷ்யாவில். 1692இல் ஜார் பீட்டர் இவரைச் சீனப் பேரரசர் காங்ஷியிடம் தூதராக அனுப்பினார். சைபீரியாவைக் குறுக்காகக் கடந்து பெய்ஜிங் போய்த் திரும்ப ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஆயின. அவருடைய பயணநூல் 1704இல் ஆம்ஸ்டர்டாமில் டச்சு மொழியில் வெளிவந்தது. அதன் பின்னால் நின்று உதவியவர் நம் விட்ஸன்.

ஈடஸின் பயணக்கூட்டத்தில் ஒருவர் இருந்தார். ஆண்டுதோறும் தந்தம் தேடிப் போவதே அவர் தொழில். அவர் சொன்னதை ஈடஸ் அப்படியே பதிவு செய்தார்.

ஒருமுறை உறைந்த மண் சரிந்த இடத்தில் ஒரு தலை வெளியே தெரிந்ததாம். தோழர்களோடு சேர்ந்து அதைத் தோண்டித் திறந்தார்கள். சதையில் பெரும்பகுதி அழுகியிருந்தது. யானைக்கு இருப்பதுபோல் வாயிலிருந்து நீண்டிருந்த தந்தங்களை அரும்பாடுபட்டுப் பெயர்த்தார்கள். எலும்பில் இன்னும் இரத்தச் சிவப்பு இருந்தது. பிறகு ஒரு முன்னங்கால் கிடைத்தது, பனியில் இறுகியபடியே. அதை வெட்டியெடுத்துத் துருஹான்ஸ்க் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதன் சுற்றளவு நடுத்தர உடம்புள்ள ஒரு மனிதனின் இடுப்பளவு இருந்ததாம்.

அதுவரை ஐரோப்பா கண்டது காய்ந்த தந்தத் துண்டுகளையும் பற்களையும்தான். இரத்தச் சிவப்பும் சதையும் ஒட்டிய மாமூத் நூலில் ஏறியது இந்தப் பக்கங்களில். பெயர் தெரியாத அந்தத் தந்த வியாபாரிக்கு அறிவியல் வரலாறு இன்னும் நன்றி சொல்லவில்லை.

ஈடஸ் இதோடு நிற்கவில்லை. இரு தரப்புக் கருத்துகளையும் அருகருகே வைத்தார்.

யாக்குத், துங்கூஸ், ஒஸ்தியாக் மக்கள் சொன்னது: இவை நிலத்தடியில் இங்குமங்கும் நடக்கின்றன. அவை போகும்போது மேலே மண் எழும்பும், பிறகு பள்ளமாக விழும். தவறி மேலே வந்து காற்றோ வெளிச்சமோ பட்டால் செத்துவிடும். அதனால்தான் ஆற்றங்கரையில் பிணமாகவே கிடைக்கின்றன.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம், நியாயம் அல்ல. எப்போதும் மண்ணுக்குள்ளேயே கிடைக்கிறது, சில நேரம் சதையும் இரத்தமுமாகக் கிடைக்கிறது, உயிரோடு மேலே நடமாடி ஒருவரும் கண்டதில்லை, தரையோ அடிக்கடி எழும்பிப் பள்ளமாகிறது. இத்தனையையும் சேர்த்துப் பார்ப்பவர் வேறு என்ன முடிவுக்கு வருவார்? கண்ணால் கண்டதை வைத்து அந்த மக்கள் கட்டிய விளக்கம் அது.

சைபீரியாவிலேயே குடியேறியிருந்த பழைய ரஷ்யர்கள் சொன்னது வேறு: இது யானைதான், பல் மட்டும் சற்று அதிகமாக வளைந்தது. நோவாவின் பெருவெள்ளத்துக்கு முன் இந்த நாடு வெப்பமாக இருந்தது. அப்போது வாழ்ந்த யானைகள் வெள்ளத்தில் மூழ்கி, பிறகு மண்ணோடு உறைந்துபோயின.

ஈடஸ் தேடிப்போன சீனாவிலும் இதே மிருகம் பேசப்பட்டது. வடக்கே பனிக்கடியில் ஒரு பேரெலி வாழ்வதாகப் பேரரசர் காங்ஷியே எழுதியிருக்கிறார்.

காணாமல் போன ‘ன்’

இனி ஐரோப்பாவின் வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். இன்று இந்த விலங்கை யார் எப்படி அழைக்கிறார்கள்?

ரஷ்யர்கள் ‘மாமன்த்’ என்கிறார்கள். பெலாரூசியரும் அப்படியே. உக்ரைனியனில் ‘மாமொன்த்’ உண்டு, ‘மாமூத்’ என்பதும் உண்டு. இவ்வளவுதான். இதற்கு மேற்கே போனால் ‘ன்’ மறைந்துவிடுகிறது.

ஜெர்மனில் மம்மூட். டச்சில் மம்மூத். ஸ்வீடிஷில் மம்முட். இத்தாலியனில் மம்முட். ஸ்பானிஷில் மமூத். போர்ச்சுகீஸில் மமூத்தி. ஹங்கேரியனில் மமுத். லிதுவேனியனில் மமுத்தஸ். ஃபின்னிஷில் மம்முத்தி. ஆங்கிலத்தில் மாமத்.

என்னை வியக்கவைத்தவை போலிஷும் பல்கேரியனும். போலந்து ரஷ்யாவின் அண்டை நாடு; மொழியும் ஸ்லாவிய உறவு. பல்கேரியர்கள் ரஷ்யர்களைப் போலவே சிரில்லிய எழுத்தில் எழுதுகிறவர்கள். இருந்தும் இரு மொழிகளிலும் சொல் ‘மமுத்’. அடுத்த வீட்டில் ‘ன்’னோடு புழங்கும் சொல்லை விட்டுவிட்டு ‘ன்’ இல்லாத வடிவத்தை வைத்திருக்கிறார்கள் என்றால், அது மேற்கே போய்ச் சுற்றி வந்த சொல் என்று அர்த்தம். ஆம்ஸ்டர்டாமிலும் ஜெர்மானிய நகரங்களிலும் அச்சான நூல்களின் செல்வாக்கு எவ்வளவு தூரம் பாய்ந்தது என்பதற்கு இந்த ஒரு மெய்யெழுத்தே சாட்சி.

‘ன்’ எங்கே தொலைந்தது? விட்ஸனிடமும் இல்லை, லூடால்ஃபிடமும் இல்லை. லூடால்ஃப் ரஷ்யன் பேசத் தெரிந்தவர். எனவே ரஷ்யப் பேச்சிலேயே ‘ன்’ இல்லாத வடிவமும் அன்று உலவியது என்று ஊகிக்க இடமிருக்கிறது. அந்த வடிவமே அச்சில் முந்திக்கொண்டது. 1725இல் ரஷ்ய அறிஞர் வசீலி தாத்திஷ்சேவ் ‘மாமொன்தவா கோஸ்ட்’ பற்றி ஸ்வீடனின் உப்சாலாவில் லத்தீனில் எழுதியபோது ‘ன்’னைச் சரியாகவே வைத்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ரிச்சர்ட் ஜேம்ஸின் குறிப்பேடு 1620களிலேயே அச்சாகியிருந்தால், ஆங்கிலச் சொல் வேறாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இன்னொன்றைக் கவனியுங்கள். எழுதும்போது கடைசியில் ஒரு ‘ஹ’கர எழுத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள், பெஹெமோத் என்ற சொல்லின் முடிவில் இருப்பதைப் போலவே. தோற்றுப்போன பெயர் தன் வாலை மட்டும் வென்ற பெயரில் ஒட்டிவிட்டுப் போனது என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

இந்த ஊர்வலத்தில் முழுதாகச் சேராத மொழி ஐஸ்லாந்திக். அங்கே ‘லோத்ஃபீத்ல்’ என்று ஒரு சொந்தச் சொல்லை ஆக்கிக்கொண்டார்கள். சடைமயிர் யானை என்று பொருள்.

மண்ணின் கொம்பு

சரி, மூலச்சொல்லின் பொருள் என்ன? இதற்குச் சண்டையே நடந்திருக்கிறது.

1709இல் பொல்தாவாப் போரில் ஸ்வீடன் தோற்றது. சிறைப்பட்ட ஸ்வீடிஷ் அதிகாரிகள் பலர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஸ்ட்ராலன்பெர்க். தொபோல்ஸ்க் நகரில் பல ஆண்டுகள் கைதியாக இருந்தவர், அந்த நாட்டை ஆராய்ந்து 1730இல் ஸ்டாக்ஹோமில் ஒரு பெருநூல் வெளியிட்டார். மாமூத் என்ற சொல் பெஹெமோத்திலிருந்தே வந்தது, அரேபியர் வாயில் ‘மெஹெமோத்’ ஆகி வடக்கே பரவியது என்பது அவர் வாதம். பல காலம் அதை நம்பியவர்கள் இருந்தார்கள்.

வேறு சிலர் தாத்தாரிய மொழியில் ‘மாமா’ என்றால் மண் என்று எழுதினார்கள். அகராதிக்கு அகராதி இது பிரதியெடுக்கப்பட்டது. தாத்தாரியத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. எஸ்தோனிய மொழியில் ‘மா’ என்றால் மண், ‘முட்’ என்றால் அகழெலி, எனவே மாமூத் என்றால் மண்ணகழெலி என்றும் ஒரு விளக்கம் எழுந்தது. கேட்க அழகாகப் பொருந்துகிறது. ஆனால் எஸ்தோனியா பால்டிக் கடலோரம். தந்தம் கிடைத்த இடமோ யூரல் மலைக்கு அப்பால். ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவு ஆகிவிடாது. சொல் நடந்துவந்த பாதையைக் காட்ட வேண்டும்.

அந்தப் பாதை பொருந்துவது மான்சி மொழிக்கு. யூரல் மலைக்குக் கிழக்கே, ஓப் ஆற்றுப் படுகையில் வாழும் வேட்டைக்குடியினர் மான்சிகள். ரஷ்யர்கள் சைபீரியாவுக்குள் நுழைந்தபோது முதலில் எதிர்கொண்ட மக்களில் அவர்களும் அடக்கம். அவர்கள் மொழியில் ‘மா’ என்றால் மண். ‘ஆன்த்’ என்றால் கொம்பு. இதன் பழைய வடிவம்தான் ரஷ்யரின் காதில் ‘மாமன்த்’ ஆயிற்று என்பதே இன்று மொழியியலாளர் பலர் ஏற்கும் விளக்கம். மண்ணின் கொம்பு.

முதலில் அது விலங்கின் பெயரே அல்ல. கிடைத்த பொருளின் பெயர். மண்ணிலிருந்து கொம்பை எடுத்தவன், எடுத்ததற்குப் பெயர் வைத்தான். அதை வாங்கியவன் அந்தப் பெயரை, தான் பார்த்தே இராத விலங்கின் மேல் ஏற்றினான்.

விட்ஸன் பெயர் இருக்கிறது, ஈடஸ் பெயர் இருக்கிறது, ஸ்ட்ராலன்பெர்க் பெயர் இருக்கிறது. இந்த நூல்களில் ஒரு மான்சியின் பெயர் எங்கே? மான்சி பேசுவோர் இன்று மிகவும் அருகிவிட்டார்கள். அந்தச் சொல்லை உலகின் குழந்தைகள் எல்லோரும் சொல்கிறார்கள்.

இலங்கையிலிருந்து ஒரு மண்டையோடு

பெயர் ஊர் சுற்றிக்கொண்டிருக்க, எலும்புகள் மெதுவாகப் பின்னால் வந்தன.

மகா பீட்டர் அமர்த்திய டான்சிக் நகர மருத்துவர் டேனியல் மெஸ்ஸர்ஷ்மிட் 1720 முதல் 1727 வரை சைபீரியாவில் அலைந்தார். அவர் கொண்டுவந்த மாமூத் மண்டையோட்டின் படங்கள், அதே ஊர் அறிஞர் பிரைனே வழியாக லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போய் 1741இல் அச்சாயின. பெயரைக் கேட்டிருந்த அறிஞர்கள் இப்போது முகத்தைப் பார்த்தார்கள். பிரைனே யானை என்றார், பெருவெள்ளம் கொண்டுவந்தது என்றார். பலரும் தலையாட்டினார்கள்.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1795இல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்தைப் பிடித்தது. ஹேக் நகரில் டச்சு ஆட்சியாளர் சேர்த்து வைத்திருந்த இயற்கைப் பொருள்கள் பாரிஸுக்கு ஏற்றப்பட்டன. அவற்றில் இரண்டு யானை மண்டையோடுகள் இருந்தன. ஒன்று தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது. மற்றது, டச்சுக்காரர்கள் கரையோரத்தை ஆண்ட இலங்கையிலிருந்து வந்தது.

அவை 26 வயது இளைஞர் ஒருவரின் மேசைக்கு வந்தன. அவர் ஜார்ஜ் குவியே. இரண்டையும் அருகருகே வைத்துக் கடைவாய்ப்பற்களின் மேடு பள்ளங்களைப் பார்த்தார். இலங்கை யானையின் பல்லில் ஒடுங்கிய பட்டைகள் குறுக்கே வரிசையாக ஓடின. ஆப்பிரிக்கப் பல்லில் அவை சாய்சதுரங்களாக இருந்தன. இவை ஒரே இனம் அல்ல என்பது அவருக்கு உறுதியாயிற்று. பிறகு மூன்றாவதாக, மெஸ்ஸர்ஷ்மிட்டின் சைபீரிய மண்டையோட்டுப் படத்தை எடுத்தார்.

அது இலங்கை யானைக்கு நெருக்கமாக இருந்தது. ஆனால் தாடை வேறு, பல்லின் பட்டைகள் இன்னும் மெல்லியவை, தந்தம் புறப்படும் குழிகள் நீண்டவை.

1796இல் பாரிஸின் தேசிய அறிவியல் கழகத்தில் குவியே எழுந்து நின்று சொன்னார்: சைபீரியாவின் மாமூத், இன்று வாழும் எந்த யானையும் அல்ல. அது தனி இனம். அந்த இனம் இன்று பூமியில் இல்லை.

கடவுள் படைத்த ஓர் இனம் முற்றாக அழிந்துபோகும் என்று ஏற்க, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு மனம் வரவில்லை. எங்கோ ஒரு மூலையில், மனிதன் கால்படாத வடக்கில், அது இன்னும் நடமாடலாம் அல்லவா? குவியேயிடம் இருந்ததோ எலும்பும் படமும்தான்.

மூன்றே ஆண்டுகள். 1799. லேனா கழிமுகத்தில், பைக்கோவ்ஸ்கி தீபகற்பத்தில், ஒசிப் ஷுமாஹோவ் என்ற துங்கூஸ் தலைவர் தந்தம் தேடிப் போகிறார். பனிப்பாறைக்குள் உருவம் தெரியாத ஒரு பெரும் திரளைப் பார்க்கிறார். அதற்குள் இருந்தது என்ன? அதைக் கண்ட பிறகு அவர் ஏன் நோயில் விழுந்தார்? அடுத்த வாரம் லேனாவின் கரைக்குப் போவோம்.

(தொடரும்)